பயன்பெற்றோர் எண்ணிக்கை

"முதல் நாளே ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல, சார்?" என்றார் நவமணி. முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

லோகேஸ்வரன் பதில் சொல்லவில்லை. கோலாலம்பூரில் ஒரு வணிக மேலாண்மைக் கல்லூரியில் 'நிலைத்த தலைமைத்துவம்' என்ற பாடத்தை நடத்துபவர் அவர். பதில் தெரியாதபோது நீண்ட நேரம் பேசாமல் இருப்பார். மாணவர்கள் அதை ஆழம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

போன் அடிக்க முடியாததற்குக் காரணம், பக்கத்தில் நின்ற மதிப்பீட்டாளர் ரொஹானா. கல்லூரி சமுதாயத்துக்கு என்ன செய்தது என்று பார்த்து அறிக்கை எழுத வந்தவர். தமிழ் நன்றாகப் பேசும் பினாங்குக்காரர். சொல்லாமல் போய்ப் பார்ப்போம் என்று இன்று காலைதான் சொன்னார். கேமரன் மலை ஏறும்வரை அவரை விட்டு நகரவும் இல்லை.

கல்லூரி செய்தது ஒன்றே ஒன்று. மூன்று வருடங்களுக்கு முன் லோகேஸ்வரனின் மாணவர்கள் இந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வைத்துக் கொடுத்த மழைநீர்த் தொட்டி. மழை பெய்தால் லயத்துக் குழாயில் சேறு வரும். அப்போது நாற்பத்திரண்டு குடும்பங்களும் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். தொட்டியில் தண்ணீர் வராவிட்டால் அறிக்கை கெடும். அறிக்கை கெட்டால் டிசம்பரோடு அவருடைய வேலை ஒப்பந்தம் முடிந்தது. தலைமைத்துவத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத ஐம்பத்திரண்டு வயது ஆளை யார் வேலைக்கு வைப்பார்கள்?

"தொட்டியப் பாத்துடலாமா?" என்றார் ரொஹானா.

"தொட்டி எங்க ஓடிறப் போவுது, மேடம்? மொதல்ல கோயில் மண்டபத்துல உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிங்க லா."

நவமணி கொழுந்து வெட்டும் பெண்களில் மூத்தவர். லயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். பக்கத்து வீட்டுக் குமுதாவைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். குமுதா ஓடினாள்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு கோப்பைத் தேநீர் வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதையும் குமுதா கொண்டுவரவில்லை, வேறு யாரோ கொண்டுவந்தார்கள். பிறகு எண்ணெயில் பொரித்த வாழைப்பழம் வந்தது. பிறகு போன வருடத் தீமிதியில் யார் யார் இறங்கினார்கள் என்று நவமணி ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை, லயமே வீட்டில் இருக்கும் நாள். ஆனால் மண்டபத்தில் ஈ காக்காய் இல்லை.

நேர மேலாண்மையை இவர்களுக்கு இனிமேல்தான் சொல்லித்தர வேண்டும் என்று லோகேஸ்வரன் ரொஹானாவின் காதில் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

கடைசியில் போனார்கள். லயத்துக்குப் பின்னால், கூரைகளுக்கு மேலே எழும்பிய மேட்டில், நீலத் தொட்டி கம்பீரமாக நின்றது. கல்லூரியின் பெயர் பெரிய எழுத்தில் சாலைவரை தெரிந்தது. சாலைவரை தெரிய வேண்டும் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவரே லோகேஸ்வரன்தான்.

ரொஹானா குழாயைத் திருகினார். லோகேஸ்வரன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர் வந்தது. கண்ணாடி மாதிரி.

சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். பாவாடை விளிம்பெல்லாம் ஈரம். குமுதாவுக்கு மூச்சு வாங்கியது. தங்கள் சொத்தைப் பார்க்க ஆள் வந்த பூரிப்பு என்று லோகேஸ்வரன் நினைத்துக்கொண்டார்.

"இத யாரு பாத்துக்குறாங்க?" என்றார் ரொஹானா.

"எல்லாரும்தான், மேடம். ஆளுக்கு ஒரு கை," என்றார் நவமணி.

ரொஹானா மகிழ்ச்சியோடு எழுதினார். கடைசியில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி, அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்று படிவத்தை லோகேஸ்வரனிடம் கொடுத்துவிட்டுக் காருக்கு இறங்கினார். 'பயன்பெற்றோர் எண்ணிக்கை' என்றிருந்தது. நாற்பத்திரண்டு குடும்பங்கள் என்று லோகேஸ்வரன் எழுதினார். வேலை தப்பித்தது.

இத்தனை நன்றாக வைத்திருக்கிறீர்களே என்று நன்றி சொன்னார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது," என்றார் நவமணி. "கூரை கீழ இருக்கு. தொட்டி மேல இருக்கு. மழத்தண்ணி மேட்டுல ஏறுமா?"

லோகேஸ்வரன் கூரையைப் பார்த்தார். கூரையிலிருந்து வந்த குழாய் மேட்டின் அடிவாரத்தில் நின்று தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப இந்தத் தண்ணி?"

"ஊத்துத் தண்ணி. வருசா வருசம் நீங்க போன் அடிச்சதும் வாளியில தூக்கி ஊத்திருவோம். தோட்டத் துரை வர்றாருன்னா முதல் நாளே லயத்தக் கழுவி வைக்கிறது நமக்குப் பழக்கந்தானே லா. இன்னிக்குத்தான் நீங்க தேத்தண்ணி குடிக்கிற நேரத்துல ஊத்துற மாதிரி ஆயிருச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தொறப்பு விழாவுல நீங்கதான சொன்னீங்க, இது நிக்கலன்னா எம் பொழப்பும் நிக்காதுன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னீங்க. நாங்க கூடிப் பேசினோம். நம்மளால ஒரு மனுசன் வாயில மண்ணு விழக்கூடாது, நீங்க ரிட்டயர் ஆவற வரைக்கும் தூக்கிருவோம்னு முடிவு பண்ணிட்டோம்."

லோகேஸ்வரன் வெகுநேரம் பேசாமல் நின்றார். இந்த முறை பதில் தெரியாததால் அல்ல.

கீழே கார் ஹாரன் அடித்தது. அவர் படிவத்தை முழங்காலில் வைத்து, நாற்பத்திரண்டு குடும்பங்களை அடித்துவிட்டு, பயன்பெற்றோர் எண்ணிக்கைக்கு எதிரே 'ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.