ஆறரை அடி கேரியர்

"ஏணி ஏத்தப் போறீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு, பட்டறையே அதிரும்படி சிரித்தான் தேவதாஸ்.

ஜீப்பின் தகரக் கூரைமேல் அளவு நாடாவை நீட்டிப் பிடித்திருந்த கலியமூர்த்தியும் சிரித்தார். பின் சீட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி தையல்நாயகிக்கும் சிரிப்பு வந்தது. அது இருமலில் போய் முடிந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம். உழவர்கரையிலிருந்து புதுச்சேரி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டி அது. முகூர்த்த நாட்களில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளும். மேலே ஒரு கேரியர் போடச் சொல்லி அவள் நச்சரிக்காத நாளில்லை. இன்று காலை அவராகவே, "வா, பட்டறைக்குப் போவலாம்" என்று கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"ரெண்டு வருஷமா கத்துறேன். இப்பத்தான் காது கேட்டுதா?" என்றாள் உள்ளிருந்தபடியே.

"காது அன்னிக்கே கேட்டுது. கைதான் எட்டல."

தேவதாஸ் மூன்று தினுசு வைத்திருந்தான். தேக்குச் சட்டத்தில் ஒன்று. எடை இல்லை, ஆனால் மழையில் ஊறும். இரும்புக் குழாயில் ஒன்று, நாலு பக்கமும் அடைப்போடு. மூன்றாவது ஆங்கிள் இரும்பு, கட்டில் மாதிரித் தட்டையாக இருந்தது.

"காய் மூட்டைக்குக் குழாய்தாண்ணே. எந்தத் திருப்பத்துல ஒடிச்சாலும் உருண்டு வுழாது."

"பின்பக்கம் அடைப்பு வேணாம். நீளமா ஒண்ண உள்ள தள்ளுறாப்புல இருக்கணும். ஆறரை அடி."

"அப்ப ஆங்கிள எடுத்துக்குங்க. வெல்டு வெச்சுடறேன், ஆயுசுக்கும் அசையாது."

"வெல்டு வேணாம், நட்டு போல்ட்டு போடு. ஒரு தபா ஏத்திட்டுக் கழட்டிப் போட்டுடணும்."

"ஒரு தபா ஏத்தறதுக்கா இம்மாங் கெட்டியா கேக்குறீங்க? இன்னாண்ணே லோடு, யானையா?"

கலியமூர்த்தி கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தை விரலால் தடவினார். "காலு நாலும் இதுல நிக்கட்டும். தகரத்துல நின்னா நசுங்கிடும்."

தேவதாஸ் போல்ட்டு எடுக்க உள்ளே போனான். தையல்நாயகியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

மூன்று நாள் முன்பு இருவரும் ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாசமாக நிற்காத இருமல் அவளுக்கு. இருட்டு அறையில் தனியாக அந்த மெஷின் முன்னால் நிற்க அவள் பயந்ததால், துணைக்கு அவரும் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

நேற்று இரண்டு படங்களையும் பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். பிரெஞ்சில் இருந்தது. தையல்நாயகி தமிழ் படிப்பாள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் கலியமூர்த்திதான். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா எழுதியிருக்கு?"

"வேலூருக்குப் போவச் சொல்றாரு. ஆபரேசன் பண்ணிப் பாக்கணுமாம். நிச்சயமா ஒண்ணும் சொல்ல முடியாதாம்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்றிருந்தது.

இப்போது கேட்காமலே வந்துவிட்டது. வேலூரிலிருந்து தொண்ணூறு மைல், ஒரே ஒரு தடவை, ஆறரை அடி நீளத்துக்குப் படுக்கவைத்து எதைக் கொண்டுவருவார்கள்?

"இங்க வாங்க" என்றாள்.

"இன்னா, வெயிலடிக்குதா? வண்டிய நெழலுக்குத் தள்ளட்டா?"

"நான் ஒண்ணும் கொழந்த இல்ல. அந்த லோடு இன்னான்னு எனக்குத் தெரியும்."

அவர் நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"என்னை வண்டிக்குள்ள உக்கார வெச்சுக்கிட்டே மேல அளவெடுக்கறீங்களே, எப்படிங்க மனசு வந்துது? பூவும் பொட்டுமா போறதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா மூட்டையாட்டம் கூரையில கட்டியா கொண்டாரணும்? பதினாலு வருஷம் குடும்பம் பண்ணவள உள்ள, உங்க பக்கத்துல கெடத்திக்கிட்டு வந்தா கொறைஞ்சா பூடுவீங்க?"

கலியமூர்த்தி ஜீப்பின் படியில் உட்கார்ந்தார். நாலு பேர் போய்வரும் இடத்தில் அவள் கையைத் தொட்டே அறியாதவர், இப்போது அதை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர் உள்ளங்கை சுட்டது.

"உள்ள பொணம் கெடந்த வண்டின்னு தெரிஞ்சா எந்தக் கல்யாணக்காரன் ஏறுவான், தையலு? மேல போட்டுக் கொண்டாந்தா கேரியரக் கழட்டி எறிஞ்சிடலாம். வண்டி சுத்தமா இருக்கும்."

"ஏறலன்னா போவட்டும்! என்னைவிட வண்டி பெருசா பூட்டுதா?"

தேவதாஸ் டப்பாவைக் குலுக்கியபடி வெளியே வந்தான். அங்கேயே நிற்கும்படி அவனுக்குச் சைகை காட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கலியமூர்த்தி சொன்னார்.

"நான் போனப்புறம் இந்த வண்டிய வெச்சுத்தான நீயும் நம்ம பொண்ணும் பொழைக்கணும்."