முகத்தைப் பார்க்காதீங்க

"அவன் முகத்தை ஏன் பார்க்கிறே? பார்த்தா ஒட்டிக்குவான். நேரா பார்த்து நட!"

கண்டக்டர் தன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். மாலை விற்றவன் கொஞ்ச தூரம் கூடவே வந்து பார்த்துவிட்டு, இது தேறாத கேஸ் என்று வேறு ஆளைத் தேடிப் போனான்.

ரிட்டையர் ஆகியும் அவரை எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். சர்வீஸ் முழுக்க, நெரிசலில் நீட்டிய கைகளை மட்டுமே பார்த்து டிக்கெட் கிழித்தவர். ஆளின் முகத்தைப் பார்க்காமல் காரியம் பார்ப்பது அவருக்குக் கைவந்த கலை.

இந்த ஊருக்கான பாடங்களைச் சொல்லிக் கொடுத்தவன் மகன். இங்கே ஒரு டூரிஸ்ட் கம்பெனியில் மேனேஜர். லாட்ஜுக்குத் தினமும் போன் செய்வான்.

"தெருவுல கூப்பிடுறவன் முகத்தைப் பார்க்காதீங்கப்பா. எந்த ஊருன்னு கேட்டா வாயே திறக்காதீங்க. முக்கியமா, படகுத்துறைப் பக்கம் தலைவச்சும் படுக்காதீங்க. ஆளை மொட்டையடிச்சு அனுப்பிடுவானுங்க."

இத்தனையும் சொன்னவனைத்தான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அவனைப் பார்க்கத்தான் இருவரும் கடல் தாண்டி வந்ததே. இவர்கள் வந்து இறங்கிய அன்றைக்கே கம்பெனியில் அவனை அவசரமாக வெளியூருக்கு அனுப்பிவிட்டார்களாம். ரூம் போட்டு, வாடகையையும் கட்டிவிட்டுப் போயிருந்தான். நாளை காலை இவர்களுக்குத் திரும்பும் ஃபிளைட்.

"இன்னிக்கு சாயங்காலமாவது வந்துடுவானாங்க?"

"மேனேஜர்னா சும்மாவா? நெனச்ச நேரத்துக்குக் கிளம்பி வர முடியுமா?"

"நாலு வருஷம் கழிச்சுப் பெத்தவங்க வந்திருக்கோம். ஒரு மணி நேரம் கூடவா கிடைக்காது?"

"நை நைன்னு அரிக்காதே."

அதட்டினாரே தவிர, அவருக்கும் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. ரூமில் உட்கார்ந்தால் வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து கதவைத் திறக்கத் தோன்றியது. அதனால்தான் காலையிலிருந்து தெருத் தெருவாகச் சுற்றுகிறார். அவளோ மகனுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருந்த கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அந்த வயதுப் பையன் எவன் எதிரே வந்தாலும் உற்று உற்றுப் பார்த்தாள்.

"கால் வலிக்குதுங்க. ரூமுக்கு ஒரு டாக்சி வச்சுக்கலாமே?"

டாக்சிக்காரன் கேட்ட தொகையில் கண்டக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"வண்டியையே விலைக்குக் கேட்ட மாதிரி இல்ல சொல்றான்! எனக்கா பஸ் ஏறத் தெரியாது?"

வந்த பஸ்ஸில் ஏற்றினார். போர்டில் இருந்த எழுத்து புரியவில்லை. பஸ் சந்து பொந்தெல்லாம் நுழைந்து, ஒரு பெரிய பாலத்தைத் தாண்டி, தண்ணீர்க் கரையில் போய் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். கடைசி ஸ்டாப்.

"போச்சுடா! எங்க வரக்கூடாதுன்னு சொன்னானோ கரெக்டா அங்கயே வந்து நிக்கிறோம்."

"வந்தது வந்தாச்சு. கொஞ்ச நேரம் காத்து வாங்கிட்டுப் போலாமே?"

"இங்க காத்துக்கும் காசு கேப்பானுங்க. அதோ, திரும்புற பஸ் நிக்குது. வா சீக்கிரம்!"

நாலு அடி வைப்பதற்குள் சூழ்ந்துகொண்டார்கள். தொப்பி என்றான் ஒருவன், குடை என்றான் இன்னொருவன், போட்டோ என்று குறுக்கே வந்து விழுந்தான் ஒருவன். கண்டக்டர் தரையைப் பார்த்தபடி விறுவிறுவென்று நடந்தார். பின்னாலிருந்து இன்னொரு குரல் துரத்தியது.

"போட் ரைடு சார்! லாஸ்ட் ட்ரிப் சார்! சீப் ரேட்..."

தோளுக்கு மேல் ஒரு கை நீண்டது. விரல் இடுக்குகளில் நீளவாக்கில் மடித்துச் செருகிய நோட்டுகள், உள்ளங்கையில் டிக்கெட் கட்டு. அட, நம்ம ஸ்டைல் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நோ! நோ!" என்று உறுமிக்கொண்டே திரும்பினார், பாதிதான்.

குரல் பட்டென்று நின்றது. கையும் பின்வாங்கிக்கொண்டது.

"பார்த்தியா? ஒரே அதட்டல்ல வாயடைச்சுப் போயிட்டான்!"

பெருமையாகச் சொல்லிக்கொண்டே போய் பஸ் படியில் கால் வைத்தபோதுதான் அவள் கூட வரவில்லை என்று தெரிந்தது. பதறித் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்தாள். இன்னொரு கையில் இரண்டு படகுச் சீட்டுகள்.

"ஐயோ, ஏமாந்துட்டியா! எவ்வளவு கொடுத்தே?"

"பையில இருந்தது அத்தனையும்."

"அது நம்ம பையனுக்குன்னு வச்சிருந்த பணமாச்சே!"

"ஆமா."

"என்ன ஆமா? பேரம்கூடப் பேசலையா?"

"அவன்தான் பேசினான். வேணாம் வேணாம்னான். நான்தான் கையில திணிச்சிட்டு வந்தேன்."

"எவன் அவன்? வா, அவன் மூஞ்சியைப் பார்த்து நாலு கேள்வி கேக்கிறேன்!"

சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கப் போனவரை அவள் இரண்டு கைகளாலும் மறித்தாள்.

"வேணாங்க. ஏறுங்க. முகத்தைப் பார்க்காதீங்கன்னு அவனேதானே போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னான்?"