டக் டக் நிற்கும்வரை

தன்னிடம் இருந்தவரை ஒருநாள்கூட முதல் இழுப்பில் கிளம்பாத பழைய மாரிஸ் மைனர் கார், எதிர்வீட்டு எபநேசருக்கு விற்றபின் தினமும் எப்படிக் கிளம்புகிறது என்று சுப்பையாவுக்கு விளங்கவே இல்லை. ஜன்னலில் நின்று பார்ப்பார். எபநேசர் சாவியைத் திருப்புவார், தலையைக் குனிந்து கொஞ்சம் உட்கார்ந்திருப்பார், பிறகு ஸ்டார்ட்டர் குமிழை இழுப்பார். ஒரே இழுப்பு. சுப்பையாவுக்கு வயிறு எரியும். அன்று எபநேசர் தன் வீட்டம்மாவோடு சந்தைக்குக் கிளம்ப, சுப்பையாவின் மனைவி லோகாம்பாளும் பின்சீட்டில் சிரித்தபடி ஏறிக்கொண்டாள். அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. தெருவில் இறங்கினார்.

"அப்படி என்னத்த ஜெபம் பண்ணுதீரு?"

"ஜெபமா? சாவியத் திருப்புனா பெட்ரோல் பம்பு டக் டக்குன்னு அடிக்கும், அண்ணாச்சி. கார்புரேட்டர் நெறஞ்சதும் நின்னுரும். அதத்தான் கேக்கேன். நீங்க கேட்டதே இல்லையா?"

பின்சீட்டிலிருந்து லோகாம்பாள் சொன்னாள்: "இவுக எங்க கேட்டாக? சாவியத் திருப்பும்போதே, கெளம்ப நேரமாச்சுன்னு என்னைய ஏச ஆரம்பிச்சிருவாகளே."

எபநேசர் சாவியைத் திருப்பினார். யாரும் பேசவில்லை. பானெட்டுக்குள் டக், டக் என்று மெதுவாக அடித்து, அடங்கியது. வண்டி கிளம்பிப் போனது.

சாவியைத் திருப்பியதும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். சத்தம் நின்றபிறகு ஸ்டார்ட்டரை இழுக்க வேண்டும்.