தனிப்பெயர் வேண்டிய மலர்

கண்ணாடிக் குடில் ஒன்றில், செருப்பு வடிவ இதழுடைய ஆர்க்கிட் மலர்கள் இரண்டு அருகருகே பூத்திருந்தன. வருவோர் அனைவரும் இளையவளான செவ்வரியையும் அவள் அக்காளின் பெயராலேயே அழைத்தனர். அது அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

"என் பூவின் நடுவே கேடயம்போல் இருக்கும் தகட்டைப் பார், அதில் ஒரு பிளவு இருக்கிறது. நான் வேறு இனம்!" என்றாள்.

"ஒரு கீறலுக்கா இத்தனை ஆட்டம்? மெதுவாகப் பேசடி, அதோ அந்த மூலை அலமாரியில் இருப்பவர்கள் விழித்துக்கொள்வார்கள்" என்று அக்காள் நடுங்கினாள்.

செவ்வரி கேட்கவில்லை. தாவர ஆய்வாளர் ஒருவர் உருப்பெருக்கியுடன் குனிந்தபோது கேடயத்தை நிமிர்த்திக் காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. புதிய இனமென்று சொல்லி, அவளுக்கே உரிய பெயரொன்றைச் சூட்டினார். பிறகு, இனம் காண்போர் வழக்கப்படி, சான்றுக்காக அவளைக் காம்போடு கொய்து எரிசாராயக் குப்பியில் இறக்கி மூடி, அலமாரியில் வைத்தார்.

அவளுடைய சிவப்பு மெல்லக் கரைந்தது. அலமாரியெங்கும் குப்பிகள், ஒவ்வொன்றிலும் வெளுத்த ஒரு மலர்.

"நீங்களெல்லாம் யார்?" என்று கேட்டாள்.

"தனிப்பெயர் பெற்றவர்கள்" என்று எல்லாக் குப்பிகளும் ஒரே குரலில் கூறின. "வா, தங்கையே."

அலமாரியின் கண்ணாடிக் கதவில் வரிசையாக வெள்ளை முகங்கள் பிரதிபலித்தன. அவற்றுள் தன் முகம் எதுவென்று செவ்வரி நெடுநேரம் தேடினாள்.