அறையின் மௌனம்

“அந்த மூச்சை மட்டும் எடுத்துடு, ராவியா. தேர்வானது உன் படம்தான்.”

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சொன்னார் உஸ்தாத் ஷவ்கி. அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்து வாரமாக, செவ்வாய்தோறும், கெய்ரோவின் அந்த நாலாம் மாடியில் வகுப்பு. திரையில் கதை சொல்வது எப்படி என்று கற்றுக்கொடுத்தார் ஷவ்கி. நாற்பது வருஷம் படம் எடுத்தவர். ஆறு மாணவர்களும் ஆளுக்கொரு குறும்படம் எடுத்தாயிற்று. அதில் ஒன்றை அவரே செப்பனிட்டுத் தியேட்டரில் காட்டுவார். எது என்று இன்று முடிவு.

பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கும் ராவியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த ஒரு நாளுக்காக முப்பது வருஷம் காத்திருந்தவள். வகுப்பில் அதிகம் திட்டு வாங்கியவளும் அவள்தான். அவள் எழுதினால் பாத்திரங்கள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடும். “நீ ரேடியோவுக்குப் போயிருக்கணும்” என்பார் ஷவ்கி.

முதல் நாளே அவர் சொன்ன பாடம் அதுதான். துக்கத்தைச் சொல்லாதே, காட்டு. ஒப்பாரி வேண்டாம், கறுப்புத் துணி வேண்டாம். எந்நேரமும் தித்திப்பாகக் குடிக்கிற ஒருத்தர் கையில் சர்க்கரை போடாத காப்பியைக் கொடு. இழவு வீட்டில் இனிப்புக் காப்பி கிடையாது என்று தெரியாதவன் எகிப்தில் உண்டா என்று கேட்டார். ராவியா அதை நோட்டில் எழுதிக்கொண்டு, கூடவே ஒரு சந்தேகமும் கேட்டாள். பக்கத்தில் யாராவது ‘ஐயோ, போய்ட்டாரே’ என்று சொன்னால் இன்னும் தெளிவாக இருக்காதா? ஷவ்கி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஆனால் அவள் எடுத்த படத்தில் பேச்சே இல்லை. தனியாக இருக்கும் ஒருத்தி தேநீர் போடுகிறாள். பழக்கத்தில் இரண்டு கிளாஸ் எடுக்கிறாள். ஒன்றைத் திரும்பவும் அலமாரியில் வைக்கிறாள். அவ்வளவுதான்.

குறை, படத்தின் அடியில் ஓடிய மௌனத்தில்தான். படம் எடுத்த அறையில், யாரும் அசையாமல், ஒரு நிமிட மௌனத்தைப் பதிவு செய்துகொள்வது சினிமாக்காரர்கள் வழக்கம். ஒவ்வோர் அறையின் மௌனமும் ஒவ்வொரு மாதிரி. வேறு அறையிலிருந்து கடன் வாங்கி ஒட்டினால் தெரிந்துவிடும். ராவியா போன புதன்கிழமை தன் வீட்டில் அதைப் பதிவு செய்திருந்தாள். அதில் மெல்ல, இழுத்து இழுத்து, ஒரு மூச்சு.

“கதையில அவ தனியா இருக்கா. இது யார் மூச்சு?”

“என் வீட்டுக்காரரோடது, உஸ்தாத். பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்தார்.”

வலீத் சிரித்துவிட்டான். வகுப்பில் வாய்த்துடுக்கு அவனுக்குத்தான். “படத்துல அவரைக் கொன்னுட்டீங்க, மௌனத்துல உயிரோட விட்டுட்டீங்களே, அக்கா. பாவம், மனுஷனுக்கு விஷயம் தெரியுமா?”

“கதையைப் படிச்சுக் காட்டினேன். நல்லாருக்குன்னு சொன்னார்.”

எல்லோரும் சிரித்தார்கள். இப்படி ஒரு புருஷன் தனக்கும் வேண்டும் என்றாள் ஒருத்தி. அவரை ஒரு மணி நேரம் காப்பிக்கடைக்கு அனுப்பினால் தீர்ந்தது என்று வலீத் யோசனை சொன்னான். வேண்டுமானால் தானே கூட்டிப்போய்ச் சீட்டு விளையாடுகிறேன் என்றான். ராவியா நோட்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

ஷவ்கி சிரிக்கவில்லை. “இதை அழிச்சுட்டு வேற பதிவு பண்ணிடு. ஒரு நிமிஷ வேலை. நாளைக்குக் கொண்டா.”

“அழிக்க வேண்டாம், உஸ்தாத். அப்படியே இருக்கட்டும்.”

“ஏன், அந்த ரூம்ல இப்ப ஏதாவது சத்தமா?”

“இல்லை. இப்ப அமைதியாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன?”

ஷவ்கிக்குக் கோபம் வந்துவிட்டது. பத்து வாரம் கத்தியும் ஒரு தப்பைத் திருத்தத் தெரியாதவளைத் தியேட்டருக்கு எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்டார். படத்தில் காரணமில்லாமல் ஒரு தும்மல்கூட இருக்கக் கூடாது என்றார். அவள் பதிவு செய்துவந்த கருவியை மேசைமேல் வைத்து அழிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனார்.

“இல்லேன்னா வலீத் படத்தை எடுத்துக்கறேன். என்ன சொல்றே?”

“வலீத் படத்தையே எடுத்துக்குங்க, உஸ்தாத். இதை மட்டும் அழிக்காம குடுத்துடுங்க.”

வலீத்தே திடுக்கிட்டுப்போனான்.

“காரணமாவது சொல்லேன்” என்றார் ஷவ்கி. “ஊர்ப்பட்ட வசனம் எழுதுவியே. இப்ப ஒரு வார்த்தை சொல்லு.”

ராவியா வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து, காப்பி போட்டுத் தரும் ஜாபர் மாமா கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார். யாருக்கு எப்படி என்பது அவருக்குப் பத்து வாரமாக மனப்பாடம். வலீத்துக்கு அரைத் தித்திப்பு, மற்றவர்களுக்கு முழுத் தித்திப்பு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவர், ராவியாவிடம் நின்றார்.

“உனக்குக் கேக்கவே வேண்டாம், மகளே. வழக்கம்போலப் பாகு மாதிரி, மூணு கரண்டி.”

“இல்லை, மாமா. எனக்குச் சர்க்கரை வேண்டாம்.”

ஷவ்கியின் விரல் பொத்தான் மேலேயே நின்றது, பிறகு கருவியை இரண்டு கைகளாலும் எடுத்து அவள் முன்னால் மெதுவாக வைத்துவிட்டு, “ஜாபர்,” என்றார், “எல்லாருக்குமே சர்க்கரை இல்லாம கொண்டா.”