ஏழரை மூட்டை

"முதல்ல குழியைப் பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

கேட்டைத் திறந்த இளைஞனை உள்ளேகூட விடாமல், வந்த காலோடு தெருப்பக்கம் திருப்பினார் அச்சகக்காரர். ஒரு வருடமாகப் புகார் எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகு, இன்றைக்குத்தான் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தது சாலை அலுவலகம். பிடித்த பிடியை விடுவாரா?

"இதை மூட எத்தனை மூட்டை தார்க்கலவை வேணும்? கணக்காச் சொல்லுங்க."

இளைஞன் கொஞ்சம் விழித்தான். பிறகு சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டான்.

"டேப் இருக்கா, சார்?"

"அளக்க வர்றவர் டேப் இல்லாமலா வருவார்?"

"கொண்டு வரணும்னு யாரும் சொல்லலை, சார்."

அச்சகக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து நீட்டினார். அவன் புழுதியில் முட்டி போட்டான். நீளம் நாலடி, அகலம் மூன்றடி. ஆழத்தை மட்டும் மூன்று இடத்தில் பார்த்தான்: இரண்டு, நான்கு, மூன்று அங்குலம்.

"நாலுன்னே வைங்க."

"சராசரி மூணுதான், சார். மொத்தம் மூணு கன அடி. ஒரு மூட்டை எவ்வளவு ரொப்பும்?"

"அதையும் நானே சொல்லணுமா? அரை கன அடி."

"அப்போ ஆறு. இடிச்சு அமுக்கினா இறங்கும். கால் பங்கு கூட்டினா ஏழரை."

"ஏழரையா? வாயால சொல்லாதீங்க. எட்டுன்னு வைங்க."

அதற்குள் மனைவி வந்து காதைக் கடித்தாள். "பொண்ணைப் பாக்க வந்த பையன் பக்கத்துச் சந்து வழியா வந்து உக்காந்து கால் மணி ஆச்சு. போட்டோ வேண்டாம், நேர்லயே பாத்துக்கறேன்னாளே உங்க பொண்ணு, இப்போ சிரிச்சுச் சிரிச்சுப் பேசறா. அவர்தான் பாவம், கூச்ச சுபாவம். எதையோ சொல்ல வாயெடுக்கறதும் முழுங்கறதுமா இருக்கார். நீங்க இங்க குழியைக் கட்டிக்கிட்டு அழறீங்க."

"இங்கயே நில்லுங்க, வந்துடறேன்" என்று இளைஞனிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார் அச்சகக்காரர். அவன் முழங்கால் புழுதியைத் தட்டியபடி பவ்யமாகத் தலையாட்டினான்.

கூடத்தில் விருந்தாளி மூன்றாவது டீயில் இருந்தார்.

"மன்னிக்கணும் மாப்பிள்ளை, வெளியில ஒரு அரைகுறை ஆளோட மல்லுக்கட்ட வேண்டியதாப் போச்சு."

விருந்தாளி அவசரமாக எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"டீ பிரமாதம், சார். குழி எங்க இருக்கு?"