தொலைந்த ஸ்பிரிங்

சரீப்பின் பழைய லொறிக்கு ஹான்ட் பிரேக் பிடிக்கவில்லை. கல்முனை வீட்டு முற்றத்திலேயே பின் சில்லுகளின் டிரம்மைக் கழற்றிப் புது லைனரும் போட்டாயிற்று. லைனரைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங் ஒன்றைத்தான் காணவில்லை.

“அது இல்லாம டிரம்ம மூட ஏலா. நல்லாத் தேடு தம்பி, தொழுதிட்டு வாறன்” என்று மெக்கானிக் கலந்தர் பள்ளிக்குப் போனார்.

நேற்றைப் போலவே சரீப் மண்ணைக் கிளறத் தொடங்கினான். லொறி ஓடத் தொடங்கினால் நெல் மூட்டைகளோடு கொழும்புக்குப் போய்விடுவான். பிறகு எப்போது வருவானோ என்று மனைவி றாஹிலாவுக்குக் கவலை. ஆனாலும் வெயிலில் அவன் படும் பாட்டை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உள்ளே போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஸ்பிரிங்கை எடுத்துவந்து நீட்டினாள்.

“நான்தான் ஒளிச்சி வெச்சன். ஏசாதீங்க.”

“பானைக்குள்ள இருக்கிறத நான் நேத்தே கண்டுட்டன், புள்ள.”

“பிறகேன் இந்த வெயிலுக்குள்ள தேடுறீங்க?”

“தேடாட்டி கலந்தர் காக்கா வேற ஒண்டு வாங்கிப் போட்டுருவாரே.”

அப்போது படலையைத் திறந்துகொண்டு கலந்தர் வந்தார். “என்ன, கிடைச்சிதா?”

சரீப் வாயைத் திறக்குமுன் றாஹிலா ஸ்பிரிங்கை முந்தானைக்குள் மறைத்தாள்.

“இல்ல காக்கா. இன்னம் தேடுறாரு.”